சித்திரக் குறிகள் தந்த சார்ல்ஸ் பிளிஸ்

எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைகளுக்கே போய்ச் சேரும் என்பதால் உம்மாவின் வீடும் சாச்சியின் வீடும் ஒரே வளவுக்குள் இருக்கின்றன. சாச்சியின் மகனுக்கு ஒன்பது வயது. பிறக்கும்போதே மூளையில் ஏற்பட்ட பாதிப்பினால் அவனுடைய கை கால்களும் நாவும் அவன் சொல் கேட்பதில்லை. ஆனால் நாங்கள் பேசுவதெல்லாம் அவனுக்கு விளங்கும். வீட்டில் யாராவது பகிடி விட்டால் முதலில் சிரிப்பவன் அவன்தான். பதிலுக்கு அவன் எழுப்பும் ஒலிகளில் நான்கைந்தைத்தான் எங்களால் பிரித்தறிய முடியும்.

சென்ற வருடம் பேச்சுச் சிகிச்சையாளர் ஒருவர் படங்கள் ஒட்டிய பலகையொன்றை அவனுக்குக் கொடுத்தார். வேண்டியதை அவன் தொட்டுக் காட்ட வேண்டும். சாச்சி அதைக் கொண்டுவந்து அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டார். படத்தைத் தொட்டுப் பழகினால் பிள்ளை வாய் திறந்து பேசவே முயல மாட்டான் என்று யாரோ அவரைப் பயமுறுத்தியிருந்தார்கள். அப்படி ஒன்றும் நடக்காது, குறிகளைப் பாவிப்பது பேச்சைத் தடுப்பதில்லை என்று சிகிச்சையாளர் அடுத்த முறை விளக்கிச் சொன்னார். அப்போதும் சாச்சிக்கு மனம் வரவில்லை. கடைசியில் பலகையைக் கீழே இறக்கியவர் உம்மம்மாதான். ஸகரிய்யா நபி மூன்று நாட்கள் மனிதர்களோடு சைகையால் மட்டுமே பேசினார்கள். மர்யம் அலைஹஸ்ஸலாம் அவர்களும் ஊரார் கேள்வி கேட்டபோது வாய் திறக்காமல் தொட்டில் பிள்ளையைச் சுட்டிக் காட்டினார்கள். அதையெல்லாம் ஓதுகின்ற நாம் பிள்ளை விரலால் பேசுவதற்கு வெட்கப்படலாமா என்பது உம்மம்மாவின் கேள்வி. வாய்பேச முடியாதவரின் தெளிவான சைகையைக் கொண்டு நிக்காஹ் கூட நிறைவேறும் என்று எங்கள் இஸ்லாம் பாட ஆசிரியையும் பின்னர் சொன்னார்.

இப்படிப்பட்ட பலகையை முதலில் யார் யோசித்திருப்பார்கள் என்று தேடியபோதுதான் சார்ல்ஸ் பிளிஸ் என்ற பெயர் எனக்குக் கிடைத்தது. குறிகளால் பேசும் முறையைப் பற்றி எங்கே வாசித்தாலும் அந்தப் பெயர் வருகிறது. ஆச்சரியம் என்னவென்றால், அவர் பேச முடியாத பிள்ளைகளுக்காக எதையும் கண்டுபிடிக்க நினைத்தவரே அல்லர்.

அவருடைய இயற்பெயர் கார்ல் பிளிட்ஸ். 1897 செப்டெம்பர் 5ஆம் திகதி செர்னோவிட்ஸ் என்ற ஊரில் பிறந்தார். அன்று ஒஸ்திரிய ஹங்கேரியப் பேரரசுக்குள் இருந்த அந்த ஊர் இன்று உக்ரேனில் இருக்கிறது. குடும்பம் யூதக் குடும்பம். தகப்பன் மூக்குக்கண்ணாடி செய்வார், மின்வேலை பார்ப்பார், மரம் கடைவார். பல கைத்தொழில் தெரிந்தும் வறுமை நீங்காத வீடு. ஊரிலே ஜெர்மன் பேசுபவர்கள், ருமேனிய மொழி பேசுபவர்கள், உக்ரேனியர், போலந்துக்காரர், யித்திஷ் பேசும் யூதர்கள் எனப் பலர் வாழ்ந்தார்கள். ஒரே சந்தையில் சாமான் வாங்கினாலும் மொழியால் பிரிந்து ஒருவரையொருவர் வெறுத்தார்கள். அந்த வெறுப்புக்கு நடுவில் வளர்ந்த சிறுவனுக்குத் தகப்பனின் மின்சுற்று வரைபடங்கள் பெரும் அதிசயமாக இருந்தன. மின்கலத்துக்கு ஒரு குறி, விளக்குக்கு ஒரு குறி. அதை ஜெர்மன்காரனும் வாசிப்பான், ருமேனியனும் வாசிப்பான், இருவருக்கும் பொருள் ஒன்றுதான். வேதியியலும் கணிதமும் படித்தபோது அங்கும் அதே காட்சி.

முதலாம் உலக யுத்தத்தில் படையில் இருந்துவிட்டு வந்து, 1922இல் வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இரசாயனப் பொறியியலாளராகப் பட்டம் பெற்றார். மின்கருவிகள் செய்யும் கம்பனியொன்றில் சேர்ந்து காப்புரிமைப் பிரிவின் தலைவராக உயர்ந்தார். அந்தப் பத்துப் பதினைந்து வருடங்களில் சொல்வதற்கு அதிகமில்லை. நல்ல சம்பளம், நல்ல வாழ்க்கை, கிளேர் என்ற துணை.

1938 மார்ச்சில் ஹிட்லரின் படைகள் ஒஸ்திரியாவுக்குள் நுழைந்தன. யூதர் என்பதற்காக பிளிட்ஸ் பிடிக்கப்பட்டு டாக்கவ் தடுப்பு முகாமுக்கும் பின்னர் புக்கன்வால்ட் முகாமுக்கும் அனுப்பப்பட்டார். அங்கே அவர் மண்டலின் வாசித்துச் சக கைதிகளை ஆற்றினார் என்று எழுதியிருக்கிறார்கள். வெளியே கிளேர் சும்மா இருக்கவில்லை. அவர் ஜெர்மன் நாட்டுக் கத்தோலிக்கப் பெண். விரும்பியிருந்தால் தன் வழியைப் பார்த்துக்கொண்டு போயிருக்கலாம். அவர் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, 1939இல் கணவரை விடுவித்தார். உடனே நாட்டை விட்டு இங்கிலாந்துக்குப் போய்விட வேண்டும் என்பது நிபந்தனை.

இங்கிலாந்தில் அடுத்த வருடம் ஜெர்மன் விமானங்கள் குண்டு போடத் தொடங்கின. அந்தத் தாக்குதலுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயரும் பிளிட்ஸ் என்பதுதான். இனி அந்தப் பெயரோடு அங்கே வாழ முடியுமா? பெயரை பிளிஸ் என்று மாற்றிக்கொண்டார். ஆங்கிலத்தில் அதற்குப் பேரின்பம் என்று பொருள். அந்த நேரத்தில் அவரிடம் இல்லாத பொருள் அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டேன். யுத்தம் வந்ததால் கிளேரை இங்கிலாந்துக்கு அழைத்துக்கொள்ள முடியவில்லை. செர்னோவிட்ஸில் கணவரின் குடும்பத்தாரிடம் தஞ்சமடைந்த கிளேர் அங்கிருந்து கிறீஸுக்கு ஓடினார். அங்கும் யுத்தம் வந்து சேர்ந்தது. கடைசியில் அவர் கிழக்கு வழியாகவும், பிளிஸ் கனடா, ஜப்பான் வழியாகவும் உலகத்தின் இரண்டு பக்கங்களால் பயணம் செய்து 1940 டிசம்பர் 24ஆம் திகதி சீனாவின் ஷங்காய் நகரில் சந்தித்தார்கள். அகதிகளை ஏற்கும் துறைமுகமாக அன்று அது ஒன்றுதான் அவர்களுக்கு எஞ்சியிருந்தது.

ஷங்காயிலும் நிம்மதி நீடிக்கவில்லை. நகரைப் பிடித்த ஜப்பானியர் யூத அகதிகளை ஹொங்கியூ என்ற பகுதிக்குள் அடைத்தார்கள். கிளேர் ஜெர்மன்காரி என்பதால் கணவரை விவாகரத்துச் செய்துவிட்டு வெளியே இருந்திருக்கலாம். அவர் கணவரோடு உள்ளே போனார். பிளிஸின் வாழ்க்கையை வாசிக்க வாசிக்க எனக்கு கிளேர் மீதுதான் மதிப்புக் கூடிக்கொண்டே போனது.

அந்த ஷங்காயில்தான் அவருடைய கண் திறந்தது. கடைகளின் பெயர்ப்பலகைகளிலும் பத்திரிகைத் தலைப்புகளிலும் இருந்த சீன எழுத்துகள் அவரைக் கவர்ந்தன. ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்காத வெவ்வேறு பகுதிச் சீனர்கள் ஒரே பத்திரிகையை வாசித்து விளங்கிக்கொள்வதைக் கண்டார். ஆசிரியர் ஒருவரை அமர்த்தி எழுத்துகளைப் படித்தார். ஒருநாள் தலைப்பொன்றை வாசித்துக்கொண்டிருக்கும்போது, தான் அதைச் சீன மொழியில் வாசிக்கவில்லை, தன் சொந்த மொழியிலேயே வாசிக்கிறேன் என்பது அவருக்கு உறைத்தது. எழுத்து ஒலியைக் காட்டாமல் பொருளைக் காட்டினால் எந்த மொழிக்காரரும் அதைத் தன் மொழியிலேயே வாசிக்கலாம் அல்லவா? சீன எழுத்துகள் ஆயிரக்கணக்கில் இருப்பதால் அவற்றைப் படித்து முடிப்பது கடினம். அதைவிட எளிமையான, பார்த்தவுடன் பிடிபடும் குறிகளைத் தானே செய்ய முடிவெடுத்து 1942இல் வேலையைத் தொடங்கினார்.

அவர் செய்த முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அடிப்படைக் குறிகள் ஏறக்குறைய நூறுதான். மற்றவையெல்லாம் அவற்றைச் சேர்த்துப் பெறுபவை. அலை போன்ற கோடு தண்ணீர். வட்டம் வாய். வட்டத்துக்குள் புள்ளி வைத்தால் கண். கண்ணோடு தண்ணீரைச் சேர்த்தால் அழுகை. நாற்காலியோடு தண்ணீரைச் சேர்த்தால் மலசலகூடம். இதயம் என்பது உணர்ச்சி, அதன் பக்கத்தில் மேல்நோக்கிய அம்பு வைத்தால் மகிழ்ச்சி, கீழ்நோக்கி வைத்தால் துக்கம். பெண்ணின் குறிக்கு மேல் ஒரு கூரை போட்டால் தாய். அதைப் பார்த்துவிட்டு நான் கொப்பியை மூடி வைத்துவிட்டு உம்மாவைப் பார்த்தேன். எழுதத் தெரியாத குழந்தைக்கும் அந்தக் கூரை விளங்கும்.

இன்னொன்றும் அதில் உண்டு. குறிக்கு மேல் சிறு சதுரம் போட்டால் அது பொருள், கூம்பு போட்டால் செயல். கூம்பைத் தலைகீழாகப் போட்டால் அது ஒருவர் மனதில் நினைக்கின்ற மதிப்பீடு மட்டுமே, உலகத்தில் இருக்கின்ற பொருள் அல்ல. இதற்கு ஏன் இவ்வளவு சிரமப்பட்டார்? ஹிட்லரின் பேச்சு சாதாரண மனிதர்களை எப்படி வெறியர்களாக்கியது என்பதைக் கண்ணால் கண்டவர் அவர். ஓர் இனத்தாரைக் கெட்டவர்கள் என்று ஒருவன் சொல்லும்போது, அது உண்மையல்ல, அவனுடைய அபிப்பிராயம் மட்டுமே என்பதை எழுத்தே காட்டிக்கொடுக்க வேண்டும் என்று விரும்பினார். எழுத்தைத் திருத்தினால் மனிதர் பொய் சொல்ல மாட்டார்கள் என்று அவர் நம்பியது எனக்குக் கொஞ்சம் குழந்தைத்தனமாகப் படுகிறது. ஆனால் இரண்டு தடுப்பு முகாம்களையும் ஓர் அகதிச் சேரியையும் கண்ட மனிதர் அவ்வளவு நம்பிக்கையோடு இருந்ததை நினைத்தால் சிரிக்கவும் முடியவில்லை.

யுத்தம் முடிந்ததும் 1946இல் இருவரும் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்து சிட்னியில் தங்கினார்கள். வியன்னாவில் பெற்ற பட்டத்துக்கு அங்கே மதிப்பில்லை. பகலில் தொழிலாளியாக உழைத்தார், இரவில் குறிகளை வரைந்தார். 1949இல் தன் முறையை மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். செமன்டோகிராபி என்று பெயர் வைத்தார். பொருளெழுத்து என்று தமிழில் சொல்லலாம். கிளேர் உலகமெங்கும் உள்ள கல்விமான்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் 6,000 கடிதங்கள் எழுதி அனுப்பினார். பயன் ஏதும் கிடைக்கவில்லை.

அந்தக் காலத்தில்தான், 1956இல், எங்கள் நாட்டின் பாராளுமன்றம் ஒரே மொழியை அரச கரும மொழியாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அதற்குப் பின்னால் இந்த நாடு பட்ட பாட்டை வாப்பாவின் தலைமுறை நேரில் கண்டது. மொழியால் மனிதர் பிரிவதைத் தடுக்கலாம் என்று ஒரு மனிதர் சிட்னியில் இருந்து கடிதம் கடிதமாக எழுதிக்கொண்டிருந்தபோது உலகம் மறுபக்கமாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

1961இல் கிளேர் இறந்தார். பிளிஸ் தனித்துப் போனார். மனம் தளர்ந்த அவர் மறுபடி எழுந்து, 1965இல் நூலைத் திருத்திப் பெரிதாக்கி இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தார். அதில் தன் பெயரையே முறைக்கு வைத்தார். உல்லாசப் பயணிகளுக்காக விமான நிலையங்களிலும் வீதிகளிலும் படக்குறிகள் பெருகிவந்த காலம் அது. யாராவது தன் வேலையைத் திருடிவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு.

பதில் வந்தது 1971இல், அவர் எதிர்பாராத திசையிலிருந்து. கனடாவின் டொரன்டோ நகரில் உடல் ஊனமுற்ற பிள்ளைகளுக்கான நிலையமொன்று இருந்தது. அங்கே ஷேர்லி மெக்நோட்டன் என்ற ஆசிரியை மூளை முடக்குவாதத்தால் பேச முடியாத பிள்ளைகளுக்குக் கற்பித்துவந்தார். அந்தப் பிள்ளைகளிடம் இருந்தவை சாப்பாடு, தண்ணீர், மலசலகூடம் போன்ற சில படங்கள் மட்டுமே. கண்ணிலே அறிவு பளிச்சிடும் பிள்ளைகள் பசியையும் தாகத்தையும் தவிர வேறொன்றும் சொல்ல வழியில்லாமல் இருந்தார்கள். சாப்பாட்டுக்குப் படம் வரையலாம். நேற்று, ஏன், பயமாயிருக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை என்பவற்றுக்கு எப்படிப் படம் வரைவது? தேடித் திரிந்த ஆசிரியை, உலகத்தின் குறிகளைப் பற்றிய நூலொன்றில் பிளிஸின் குறிகளைக் கண்டார்.

குறிகளைப் பலகையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் மேலே ஆங்கிலச் சொல்லையும் அச்சிட்டு, சக்கர நாற்காலித் தட்டில் பொருத்தினார்கள். குறி தெரியாத வழிப்போக்கனும் சொல்லை வாசித்து அந்தப் பிள்ளையோடு பேசலாம். கை அசைக்க முடியாத பிள்ளை கண்ணால் பார்த்துக் காட்டும். பிள்ளைகள் வேகமாகப் பிடித்துக்கொண்டார்கள். கேள்வி கேட்டார்கள், முறைப்பாடு சொன்னார்கள், பலகையில் இல்லாத சொல்லுக்கு இரண்டு மூன்று குறிகளைத் தாங்களே சேர்த்துக் காட்டினார்கள். இத்தனை வருடங்களாகப் பெற்றோருக்குத் தெரியாமல் இருந்த பிள்ளைகள் திடீரென்று தெரியவந்தார்கள்.

செய்தி கேட்ட பிளிஸுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. டொரன்டோவுக்குப் பறந்து போனார். அப்போது அவருக்கு எழுபத்தைந்து வயது அளவில் இருக்கும். பிள்ளைகளோடு சேர்ந்து ஆடிப்பாடினார், அவர்களைக் கட்டியணைத்தார். அவரைப் பற்றிய திரைப்படமொன்றைக் கனடாவும் அவுஸ்திரேலியாவும் சேர்ந்து எடுத்தன. 1976இல் அவுஸ்திரேலிய அரசு அவருக்கு விருது வழங்கியது.

கதை இங்கே முடிந்திருந்தால் எழுதுவதற்கு இலகுவாக இருந்திருக்கும். அது முடியவில்லை.

ஆசிரியைகள் தன் குறிகளை மாற்றுகிறார்கள் என்று பிளிஸ் குற்றம் சாட்டத் தொடங்கினார். புதிய குறிகளைத் தன்னைக் கேட்காமல் சேர்க்கிறார்கள் என்றார். எல்லாவற்றையும்விட அவரைச் சுட்டது வேறொன்று. அவருடைய குறிகள் ஆங்கிலம் படிப்பதற்கு ஒரு படிக்கட்டாகப் பாவிக்கப்பட்டன. பிள்ளைகள் குறிகளில் தொடங்கி, மேலே இருந்த சொற்களைப் பழகி, பின்னர் வாசிக்கவும் எழுதவும் போனார்கள். எந்த மொழிகளின் பிடியிலிருந்து மனிதரை விடுவிக்க வாழ்நாளைக் கொடுத்தாரோ, அதே மொழிகளில் ஒன்றுக்குள் தன் குறிகளே பிள்ளைகளைக் கைபிடித்து அழைத்துப் போவதை அவரால் தாங்க முடியவில்லை. கோபமாகக் கடிதங்கள் எழுதினார், நேரில் வந்து சத்தமிட்டார், சட்டத்தரணிகளைப் பிடித்தார். 1975இல் ஓர் உடன்படிக்கை வந்தது, அதுவும் நிலைக்கவில்லை. இழுபறி 1982 வரை போய், 160,000 டொலரை அவருக்குக் கொடுத்து, குறிகளைப் பிள்ளைகளுக்காகப் பாவிக்கும் நிரந்தர உரிமையைப் பெற்றுக்கொண்டார்கள். பிள்ளைகளுக்கு உதவத் திரட்டப்பட்ட அறக்கட்டளைப் பணம் அது. அந்தப் பணத்தைக் கொண்டு பிளிஸ் தன் முறையைத் தான் விரும்பியபடியே கற்பிக்கும் கைநூலொன்றை அச்சிட்டார். 1985 ஜூலையில் சிட்னியில் காலமானார்.

அவரை மன்னிப்பதா என்று என் தோழியரோடு வாதாடினேன். பேராசைக்காரர் என்றாள் ஒருத்தி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாடு, பெயர், தொழில், கடைசியில் கிளேரும் என எல்லாவற்றையும் இழந்தவரிடம் மிஞ்சியிருந்தது அந்தக் குறிகள்தான். ஆனாலும் பேச முடியாத பிள்ளைகளுக்கு வாய் கொடுத்துவிட்டு, அவர்கள் இப்படித்தான் பேச வேண்டும் என்று அடம்பிடித்தது தவறு என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை.

அவருடைய குறிகள் பின்னர் முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போயின. இப்போது ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டன. அதே எண்ணத்திலிருந்து வேறு பல முறைகளும் பிறந்தன. எங்களுக்குப் பக்கத்தில், சென்னையில், வித்யாசாகர் என்ற நிறுவனத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து அஜித் நாராயணன் என்ற பொறியியலாளர் அவாஸ் என்ற கருவியை உருவாக்கினார். படத்தைத் தொட்டால் அது குரலாக ஒலிக்கும். அவாஸ் என்பதற்கு உருதுவில் குரல் என்றுதான் பொருள்.

எங்கள் வீட்டில் இருப்பது கருவியல்ல, அந்தப் பலகைதான். உம்மம்மா இறக்கிக் கொடுத்த முதல் வாரம் அவன் தண்ணீர்ப் படத்தைத் தொட்டான். சாச்சி ஓடிப்போய்க் கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்தார். வாயை மூடிக்கொண்டான். மறுபடி தண்ணீரைத் தொட்டான். மூன்றாவது முறையும் கோப்பை வந்தபோது அழத் தொடங்கினான். பிள்ளைக்கு இது விளங்கவில்லை என்று சாச்சி பலகையை எடுக்கப் போனார். அப்போது அவன் கை நடுங்கி நடுங்கி மூலையில் இருந்த இன்னொரு படத்துக்குப் போனது. பெரிய, சிறிய என்பதற்காக இரண்டு பந்துகள் வரைந்திருந்த இடம் அது. பெரிய பந்தைத் தொட்டான். பிறகு தண்ணீர். பெரிய. தண்ணீர். வாவியைத்தான் கேட்கிறான் என்று விளங்கியவுடன் வாப்பா அவனைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனார். தோணிகள் திரும்பும் நேரம் அது. இருட்டும் வரைக்கும் அவன் வீட்டுக்கு வர விடவில்லை.

அன்றிரவே நான் வாவியை வரைந்தேன். தோணி, வலை வீசுபவர், கரையில் தென்னைமரம் எல்லாம் போட்டு, வர்ணம் தீட்டி, கீழே வாவி என்று அழகாக எழுதிப் பலகையின் நடுவில் ஒட்டினேன். அவன் அதைப் பார்த்துச் சிரித்தான். அடுத்த நாள் பின்னேரம் அவன் கை என் படத்தைத் தாண்டி மூலைக்குப் போய்ப் பெரிய பந்தைத் தொட்டது, பிறகு தண்ணீரைத் தொட்டது. நான் அவன் கையைப் பிடித்து என் படத்தின் மீது வைத்தேன். இழுத்துக்கொண்டான். எனக்குக் கோபம் வந்தது. இரண்டு மணித்தியாலம் இருந்து வரைந்த படம் அது.

இப்போதும் அவன் பெரிய தண்ணீர் என்றுதான் சொல்கிறான். வீட்டிலும் எல்லோரும் வாவியை அப்படித்தான் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். என் படத்தை உரித்தெடுத்துவிட்டேன். அந்த இடத்தில் என்ன வேண்டும் என்று அவனிடம் கேட்டிருக்கிறோம். அவன் இன்னும் முடிவு செய்யவில்லை.